கோடையில் வீட்டுச் செடிகளை வெளியே வைக்கப் பச்சை வலை மட்டும் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: பொள்ளாச்சிக்கு மேற்கே கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரம் பக்கம் வீடு, உள்ளே வெளிச்சம் போதாமல் மான்ஸ்டெரா, அக்லோனிமா, கலாத்தியா எல்லாம் மெலிந்து நீள்கின்றன, மாசியிலிருந்து வைகாசி வரை வெளியே வைக்க ஒரு மறைப்பு வேண்டும், பச்சை வலை வாங்கிக் கட்டினால் போதுமா?

போதாது. அந்த வலையை மட்டும் நம்பி நான் முதல் வருடம் தை மாதம் முப்பத்திரண்டு தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். பங்குனியில் பதினொன்றுதான் மிச்சம்.

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறதே தவிர காற்று ஒன்றுதான். அந்த வருடம் வெயிலில் செடிகள் கருகிவிட்டன என்றே நினைத்தேன். வெயில் சுட்டிருந்தால் வானத்தைப் பார்த்திருக்கும் இலையில் வெளுத்த திட்டு விழுந்து, பிறகு அந்த இடம் காகிதம் மாதிரி ஆகியிருக்கும். என் செடிகளில் திட்டே இல்லை. ஓரம் சுருண்டு, நுனி காய்ந்து, புது இலை விரியாமல் குழலாகவே நின்றுபோனது. வெயிலுக்கு வலை இருந்தது. காற்றுக்குத்தான் ஒன்றுமே இல்லை.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மார்கழியிலிருந்து மாசி வரை கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று முழுக்க இந்த வாசல் வழியாகத்தான் போகிறது. மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரை மழைக்காட்டில் மரமேறி வளரும் கொடி. கலாத்தியா தென்னமெரிக்கக் காட்டுத் தரைச் செடி. ஈரக் காற்றில் பழகிய இந்த இலைகளில் வறண்ட காற்று நாள் முழுக்க உரசினால், வேர் இழுத்துக் கொடுப்பதைவிட வேகமாக இலை தண்ணீரை விட்டுவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது இதனால்தான். அதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், வேர் அழுகும். நான் அதையும் செய்தேன்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி விலகியதும் செடியை வெளியே எடுத்து வைப்பது அவர்களுக்குச் சரி. இங்கே 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. அவர்கள் சொல்வதை நாம் அப்படியே செய்ய முடியாது.

இடத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிய இடம்தான் என் தேர்வு. இதமான காலை வெயில் கிடைக்கும், மதியத்துக்கு மேல் வீடே நிழல் தரும். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம், அது இரவு ஒன்பது மணி வரை சூட்டைக் கக்கும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பகுதியில் ஏப்ரல் 18 வாக்கில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் வரும். அதன் பிறகு ஆகஸ்ட் நாலாம் வாரம் வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். தையில் குளுகுளுவென்று இருந்த வடக்குச் சுவரில் வைகாசியில் கை வைக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், வெளிச்சம் நன்றாக இருக்கிற அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் காற்றும் அடிக்கிறது. முதலில் அங்கே தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். எங்கள் தோப்பில் தேங்காய் போட வருகிற பெரியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, இப்பிடிக் கட்டுனா பாய்மரமாட்டத் தூக்கீருமுங்க. காத்த மறிக்கப்படாது, சலிக்கோணும்." அன்று இரவே ஒரு கம்பு முறிந்தது. இறுக்கமான மறைப்பில் மோதுகிற காற்று மேலே ஏறிக் குதித்து அந்தப் பக்கம் சுழன்றடிக்கும். பாதி அடைத்து பாதி விட்டால் வேகம் மட்டும் குறைந்து உள்ளே வரும். அவரே தென்னந்தடுக்கு முடைந்து, தடுக்குக்குத் தடுக்கு நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

பந்தல் பன்னிரண்டுக்கு எட்டு அடி. கமுகுத் தூண்கள், ஒன்பது அடி உயரம். தாழ்வாகக் கட்டினால் வலைக்கு அடியில் சூடு தங்கிவிடும். ஒரு பக்கம் ஓரடி ஏற்றிக் கட்டுங்கள், வெந்த காற்று அந்த வழியாக வெளியேறட்டும். வலையில் 50, 75, 90 சதவீதம் என்று கடையில் சொல்வது எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதை. உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் என்றால், 75 சதவீத வலைக்கு அடியில் இருபத்தையாயிரம் வரும். மான்ஸ்டெராவுக்கும் பிலோடென்ட்ரானுக்கும் அது நல்ல அளவு. கலாத்தியாவுக்கும் ஃபிட்டோனியாவுக்கும் அதிகம். அவற்றை மான்ஸ்டெராவின் இலைக்கு அடியிலேயே வைத்துவிடலாம், காட்டிலும் அப்படித்தானே. வீட்டில் பழைய 50 சதவீத வலை இரண்டு இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுங்கள். மொத்த வெயிலும் நின்றுவிடாது. பாதியில் பாதி, அதாவது கால்வாசி, உள்ளே வரும். அளக்கக் கருவி இல்லையென்றால் மதியம் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருந்தால் வெயில் அதிகம், மங்கலாக இருந்தால் சரி.

வேப்ப மர நிழலை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். நமக்கு நிழல் தேவைப்படும் அதே சமயத்தில் அது மொட்டையாக நிற்கும்.

தரையில் மூன்று அங்குலம் ஜல்லி பரப்பி, அதன்மேல் செங்கல் வைத்துத் தொட்டிகளை வரிசையாக நெருக்கி வைத்திருக்கிறேன். ஜல்லியில் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தண்ணீர் விட்டால் போதும். தடுக்கின் உள்பக்கம் சணல் சாக்குகளைத் தொங்கவிட்டு, மேலே தோப்பில் மிஞ்சிய சொட்டுநீர்க் குழாயை ஓட்டினேன். செடியைக் கொன்ற அதே வறண்ட காற்று ஈரச் சாக்கில் புகுந்து வரும்போது ஏர்கூலர் மாதிரி ஆகிவிடுகிறது. மாசியில் இது அற்புதம். ஆனால் சித்திரை பாதிக்கு மேல் மேற்கிலிருந்து ஈரக் காற்று வந்து புழுக்கம் தொடங்கியதும் சாக்கைக் கழற்றிவிடுங்கள். அப்போது குளிர்ச்சியும் கிடைக்காது, இலையில் பூஞ்சைதான் பிடிக்கும். கருப்பு பிளாஸ்டிக் தொட்டிகளை அப்படியே வைக்காமல் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, இடையில் ஈர மணல் போடுங்கள். இல்லாவிட்டால் வேர் வெந்துவிடும்.

கலாத்தியாவின் நுனி மட்டும் இதற்குப் பிறகும் கருகிக்கொண்டே இருந்தது. காரணம் போர்வெல் தண்ணீர். பாலக்காட்டின் கிழக்குப் பகுதி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டும் கிணறுகள் உண்டு. கலாத்தியா, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் மூன்றுக்கும் ஃப்ளோரைடு ஆகாது. கொதிக்க வைத்தாலும் ஒரு நாள் திறந்து வைத்தாலும் அது போகாது. நான் ஐப்பசி மழைத் தண்ணீரை இரண்டு டிரம்களில் மூடி வைத்து, இவற்றுக்கு மட்டும் அளந்து ஊற்றுகிறேன். மணி பிளான்ட்டும் பாம்புச் செடியும் எந்தத் தண்ணீரையும் குடிக்கும். தென்னை நார்க்கழிவில் நடுவதாக இருந்தால் முதலில் இரண்டு மூன்று முறை அலசுங்கள், அதிலும் உப்பு உண்டு.

செடிகளை ஒரே நாளில் வெளியே கொண்டுபோக வேண்டாம். முதல் நான்கு நாள் காலை ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு வாரத்தில் முழு நாள். வீட்டுக்குள் விரிந்த பழைய இலை வெளி வெளிச்சத்துக்கு ஓரளவுதான் பழகும். வெளியே வந்தபின் விரியும் இலைகளைப் பார்த்து முடிவெடுங்கள். உரமும் தொட்டி மாற்றுவதும் இந்த மூன்று மாதம் வேண்டாம்.

வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி வரும். அடியில் பொடி தூவியது மாதிரி புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாதபோது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பும் கலந்து, பொழுது சாய்ந்த பிறகு அடிக்கிறேன். வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

எடவப்பாதி, அதாவது வைகாசி நடுவில் வரும் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் இந்தப் பந்தலால் பயனில்லை. வலை மழையைத் தடுக்காது, பெரிய சொட்டுகளாகச் சேர்த்துத் தொட்டிக்குள்தான் விடும். முதல் கனமழைக்கு முன்பே கலாத்தியா, அக்லோனிமா, ஆந்தூரியம் மூன்றையும் திண்ணைக்கு மாற்றிவிடுவேன். மான்ஸ்டெரா அங்கேயே நிற்கும், அதற்கு மழை பிடிக்கும். அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள், கொசு முட்டையிடும். நத்தைகளும் அப்போதுதான் வரும், இருட்டியபின் டார்ச் அடித்துப் பொறுக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

தடுக்கு முடைய ஆள் வேண்டுமென்றால் மார்கழியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். தை முடிந்தால் எல்லோரும் கூரை மாற்ற ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் கெஞ்சினாலும் ஆள் கிடைக்காது.