பழைய வேகன் ஆரில் ஆயில் ஒழுகுகிறது, கியர் பாக்ஸை இறக்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பா வாங்கிய 2007 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக பார்க்கிங்கில் தினமும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஆயில் கறை. அபார்ட்மென்ட் சங்கத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். மாதம் கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக், எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் கிராங்க் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கணும் என்கிறார். இன்னொருவர் கெட்டி ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்கிறார். வண்டியை விற்க அப்பாவுக்கு மனசில்லை. யார் சொல்வது சரி சார்?

பதில்: இரண்டு பேருமே வண்டியைக் கழுவிப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கியர் பாக்ஸில் கை வைப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள்.

ஆயில் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள். எஞ்சினின் தலையில் கசியும் ஆயில் பின்பக்கச் சுவர் வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் தேங்கி, அங்கிருந்துதான் சொட்டும். ஓடும்போது காற்று வேறு அதைப் பின்னால் அடித்துப் பரப்பிவிடும். அதனால் கீழே எங்கே ஈரம் என்று பார்க்காதீர்கள், ஈரம் ஆரம்பிக்கிற ஆக மேலான இடம் எது என்று தேடுங்கள். கசிவு அங்கேதான் இருக்கும்.

போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு ஒரு பழைய ஹேட்ச்பேக் வந்தது. வேறொரு இடத்தில் கியர் பாக்ஸை இறக்கிப் பின்பக்கக் கிராங்க் சீலை மாற்றியிருந்தார்கள், பத்து நாளில் மறுபடி கறை. டேஷ்போர்டுப் பக்கம் எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ஓரத்தை விரலால் தடவினேன். விரல் கறுப்பாக வந்தது. கவரைக் கழற்றியதும் அதன் அடியில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் பேக்கிங்கை எடுத்து வளைத்தேன். ரப்பர் என்றால் வளைய வேண்டும். அது அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தது. சில நூறு ரூபாய் பேக்கிங் மாற்றியதோடு ஒழுகல் நின்றது. அந்த வண்டிக்காரர் அதற்கு முன் செலவழித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். முதலில் ஒழுகுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையைப் போட்டு, முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் கறை பெல்ட் ஓடும் பக்கமா, கியர் பாக்ஸ் பக்கமா, நடுவிலா என்று தெரிந்துவிடும். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சையோ ரோஸோ, தண்ணீர் போல இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அதை விட்டுவிடலாம். வெளிர் மஞ்சளாக வழுவழுப்பாக சக்கரத்தின் அருகே இருந்தால் பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்து கழுவுவது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், காற்று போகும் வழி, வயர் இணைப்புகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். டீகிரீசரும் பிரஷ்ஷும் போதும், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். வாட்டர் வாஷ்காரர்கள் போல பிரஷரில் அடித்தால் சென்சாருக்குள் தண்ணீர் புகுந்து வேறு தொல்லை வரும். காய்ந்த பிறகு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரை லேசாகத் தூவிவிட்டு, ஒரு பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் சூடாகி இளகினால்தான் கசிவு வெளியே தெரியும். உங்கள் கறை சின்னதாக இருந்தும் மாதம் கால் லிட்டர் குறைகிறதே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பெரும்பகுதி ஓடும்போதே போய்விடும். திரும்பி வந்து டார்ச் அடித்தால் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். அப்படியும் பிடிபடவில்லையென்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதைக் கலந்து ஓட்டிவிட்டு யூவி டார்ச் அடித்தால் கசிவு பச்சை மஞ்சளாக மின்னும்.

அடியில் புகுந்து பார்ப்பதென்றால் வெறும் ஜாக்கியை நம்பிப் போகாதீர்கள், செங்கல்லையும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

பார்க்கும்போது மேலிருந்து கீழே வாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டேப்பட் கவர், அப்புறம் ஆயில் பிரஷர் சுவிட்ச். இந்தச் சுவிட்ச் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் அதன் நடுவிலேயே ஆயில் கசியும், வயர் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே ஈரமாக இருக்கும். ஆயில் ஃபில்டரில் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை ஏற்றிவிட்டாலும் ஒழுகும். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் மாற்ற வேண்டும், பலர் மாற்றுவதே இல்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் பேக்கிங் கடைசி.

எந்த சீலை மாற்றுவதற்கு முன்னாலும் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்வேன். பிஸ்டன் ஓரமாகத் தப்பி கீழே வரும் வாயுவை எஞ்சின் காற்று இழுக்கும் இன்டேக்குக்கு மறுபடி அனுப்புவது அதன் வேலை. கார்பன் பிடித்து அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலின் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டும் மறுபடி ஒழுகுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பெரும்பாலான வால்வுகள் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை அந்தத் திறப்பின் மேல் வைத்தும் பார்க்கலாம். தாள் உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. குபுகுபுவென்று மேலே தள்ளினால் வால்வையும் அதன் குழாயையும் முதலில் கவனியுங்கள். அவை சரியாக இருந்தும் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்.

டேப்பட் கவர்தான் என்று தெரிந்தால் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் ஜெனுயின் பேக்கிங்காகவே வாங்குங்கள். போடும்போது இரண்டு முகத்தையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் மூலைகளில் மட்டும் துளி சிலிகான் போதும். சுற்றிலும் பிதுக்கிவிட்டால் உள்பக்கம் வழிந்த துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதும் தப்பு. சின்ன எஞ்சின்களில் இந்த போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம்தான் இருக்கும், சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. அதிகம் இறுக்கினால் கவர் வளைந்து அடுத்த கசிவு தொடங்கும்.

பெல்ட் பக்கம் முன் கிராங்க் சீலோ, மேலே வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் சீலோ ஒழுகினால் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் பட்டால் டைமிங் பெல்ட் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். சீலோடு பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

எஞ்சின் பின்பக்கம் மேலே காய்ந்திருக்க, கியர் பாக்ஸ் சேரும் இடத்தின் அடியில் மட்டும் புது ஆயில் வந்தால் முதல் மெக்கானிக் சொன்னது சரி. கந்தக நெடி இருந்தால் மட்டும் அது கியர் பாக்ஸ் சீல். கியர் பாக்ஸை இறக்கினால் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் அதே கூலியில் முடியும். பழைய சீலின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்தே புதியது வாங்க வேண்டும். போடுவதற்கு முன் கிராங்க் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சீலின் உதடு உரசி உரசி அங்கே ஒரு வரி விழுந்திருந்தால், புது சீலும் அதே வரியில் உட்கார்ந்து ஒழுகும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

கெட்டி ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். 20டபிள்யூ-50 ஊற்றினால் சொட்டு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் இறுகிப்போன ரப்பர் அதனால் இளகாது. பெங்களூருவின் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே கேம் வரை கெட்டி ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் அங்கேதான். மேனுவலில் சொன்ன தரத்தை விட்டு விலகாதீர்கள்.

வேலை முடியும் வரை வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல சிறு கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். எக்ஸாஸ்ட் பக்கம் புகையோ கருகிய வாசனையோ வந்தால் ஆயில் சூடான குழாயில் விழுகிறது என்று அர்த்தம், அது தீப்பிடிக்கும் விஷயம், ஓட்டாதீர்கள். ஆயில் விளக்கு எரிந்தால் சில்க் போர்டு டிராஃபிக் நடுவில் நின்றாலும் எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள்.

சரிசெய்த பிறகும் அதே அட்டையை இரண்டு வாரம் வண்டிக்கு அடியில் விட்டு வையுங்கள். காய்ந்தே இருந்தால், தரையில் மரத்தூளைக் கொட்டி ஓரிரவு ஊறவிட்டு, சோப்புப் பொடி போட்டுத் தேய்த்தால் பழைய கறையும் பெரும்பாலும் போய்விடும்.