பல் எடுத்து நாலு மாதம், இன்னும் நாக்கில் உறுத்துகிறது

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 66 வயது. நாலு மாதத்துக்கு முன்னால் கீழ்த்தாடையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கடவாய்ப்பல்லை எடுத்தோம். மந்தமான வலி இன்னும் விடவில்லை. அந்த இடத்தில் சொரசொரவென்று ஏதோ நாக்கில் உறுத்துகிறது என்கிறார். சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத பொந்து எலும்புக்குள் இருக்கும், அதைத் துளைத்துச் சுத்தம் செய்து ஓசோன் ஏற்ற வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா? அம்மாவுக்குச் சுகர் உண்டு. அதற்கான மாத்திரை தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சத்து மாத்திரை மட்டும் போடுவார். அதைப் போட்டால் அரை மணி நேரம் படுக்கக் கூடாதாம்.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பொறி தட்டியது அந்தக் கடைசி வரியில்தான். வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், டம்ளர் நிறையத் தண்ணீரோடு, அப்புறம் அரை மணி நேரம் படுக்காமல் என்று போடச் சொல்வது பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் வகை மாத்திரை. அது சத்து மாத்திரை இல்லை, எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுப்பது. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். பல் எடுத்த அன்று இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்பதோடு பல் டாக்டர்களான நாங்களும் பல நேரம் நிறுத்திக்கொள்கிறோம்.

எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. இந்த மருந்து கரைக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் அதனால் நல்லது. ஆனால் பல் எடுத்த குழி ஆற வேண்டுமானால் ஓரங்கள் கரைந்தாக வேண்டும். அது நடக்காமல், வாய்க்கிருமியும் சேர்ந்துகொண்டால், சிலருக்கு ஈறு மூடாமல் செத்த எலும்பு வெளியே தெரியும். 2003-லிருந்துதான் மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு மூடாமல் இருந்து, தாடைக்குக் கதிர்வீச்சு எதுவும் கொடுக்காதவராகவும் இருந்தால், இந்த மருந்தால் வந்த பாதிப்பு என்று எடுத்துக்கொள்வோம். பயந்துவிடாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்காக மாத்திரை போடுகிறவர்களில் இது மிக அரிது. புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை ஊசியாக, அடிக்கடி போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் அதிகம்.

அம்மாவைப் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறிய ஈறு இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்கும். எலும்பு என்றால் மஞ்சள் கலந்த வெள்ளையில், உடைந்த ஓடு மாதிரி கெட்டியாகத் தெரியும். அதைத் தொட்டால் வலிக்காது, சுற்றியிருக்கும் ஈறுதான் வலிக்கும். பல் எடுத்தபோது தங்கிய சின்னச் சில்லு தானாக மேலே வருவதும் உண்டு, அது சாதாரணம். எதுவானாலும் ஊசியாலோ ஹேர்பின்னாலோ கிண்டாதீர்கள்.

இப்போது அந்தப் பொந்து விஷயம். பல் எடுத்த குழியில் ஈறு மூடச் சில வாரம் போதும். உள்ளே எலும்பு நிரம்ப ஆறு மாதம்கூட ஆகும். அதனால் நாலாவது மாதத்து ஸ்கேனில் அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தால், அது மட்டுமே நோய்க்கு அடையாளமாகாது. எங்கோ இருக்கும் வலிக்கும் சோர்வுக்கும் இந்தப் பொந்துதான் காரணம் என்று சொல்லப்படுவதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை. அதுவும் உங்கள் அம்மா போடும் மருந்தோடு எலும்பைத் துளைத்தால், ஆறாத புண் ஒன்றுக்கு இரண்டாகும். வேண்டாம்.

ஆனால் சின்ன எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பது உண்மைதான். எலும்பில் சீழ் பிடித்தாலும், சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே படத்தில் தெரியும். கீழ்த்தாடை கெட்டியான எலும்பு, ரத்த ஓட்டமும் மேல்தாடையைவிடக் குறைவு. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தொற்று அங்கேதான் வேரூன்றும். எடுத்த பல்லின் அடியில் நீர்க்கட்டி தங்கியிருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் புற்றுநோயையும் மனதில் வைத்துத்தான் பார்ப்போம். கீழுதடு மரத்துப்போனாலோ, பக்கத்துப் பல் ஆடத் தொடங்கினாலோ, தாடைக்கு வெளியே சீழ் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எலும்பே காரணமில்லாத வலியும் உண்டு. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் 'ஷாக்' அடிப்பது போன்ற வலிக்காக மூன்று நல்ல பற்களை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். அது முக நரம்பு வலி. கார்பமசெப்பைன் மாத்திரையில் அடங்கியது.

நீங்கள் பார்க்க வேண்டியது முகத்தாடை அறுவை நிபுணரை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பல் பிரிவிலும் காட்டலாம். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எலும்பு வெளியே தெரிந்தால் முதலில் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, சீழ் இருந்தால் ஆன்டிபயாடிக். செத்த துண்டு தானாகப் பிரிந்து ஆடினால், அதை மட்டும் மெதுவாக எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். இதிலேயே பலருக்கு ஆறிவிடும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். பரவியிருந்தால்தான் பெரிய அறுவை. அந்த எலும்பு மாத்திரையால் வராத, வெறும் சீழ்த் தொற்று என்றால், எந்தக் கிருமி என்று கண்டுபிடித்துப் பல வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், இரண்டு வாரம் விடுவதால் தாடைக்கு எந்தப் பலனும் கிடைத்துவிடாது. எழுதிக்கொடுத்த டாக்டரும் அறுவை நிபுணரும் பேசி முடிவு செய்யட்டும். எலும்புத் தேய்மானத்துக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் அம்மாவுக்கு உண்டென்றால் கட்டாயம் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு உடையும் ஆபத்து இருக்கிறது.

மூன்று மாதச் சராசரி சுகர் ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே, அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டை, மூன்றையும் ஒரே பையில் போட்டு இந்த வாரமே கிளம்புங்கள்.