அணுவா, காற்றா, வெயிலா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகள்

காலநிலை மாற்றத்துக்கு எந்த மின்சாரம் சரி என்று கேட்டிருந்தீர்கள். மின்கட்டமைப்பு வேலையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கோண்டாவில்: அண்ணை, கரியமில வாயு குறைய வேண்டுமென்றால் அணுமின்நிலையம்தானே நல்லது? இலங்கை ஏன் கட்டவில்லை?

அணுமின்சாரம் சுத்தமானது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், தம்பி. சுரங்கம், கட்டுமானம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 12 கிராம் கரியமில வாயு அளவுதான் என்று ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 அறிக்கை சொல்கிறது. காற்றாலையும் கிட்டத்தட்ட அதே அளவு, நிலக்கரிக்கு 820. பிரான்சை அணுவைக் கைவிடச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

எங்களுக்கு இடிப்பது அளவு. கூடங்குளத்தில் ஓடும் உலை ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். இலங்கை முழுவதற்கும் உச்ச நேரத் தேவையே ஏறத்தாழ 3000 மெகாவாட்தான். அப்படியொரு உலை திடீரென்று நின்றால் நாடே இருளும். காலமும் இல்லை: பின்லாந்தில் 2005இல் தொடங்கிய உலை 2023இல்தான் முழுமையாக மின்சாரம் கொடுத்தது.

அதே தம்பி: சின்ன உலைகள் வருகிறதாமே?

ரஷ்யாவின் மிதக்கும் நிலையத்தில் 35 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன. மற்ற நாடுகளும் கட்டி, விலை தெரியட்டும். கடனில் இருக்கும் நாடு முதல் ஆளாகப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது.

பருத்தித்துறை: கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் எங்கட கதி?

அக்கா, அங்குள்ளது 1986இல் செர்னோபிலில் வெடித்த வகை உலை இல்லை. உலையைச் சுற்றித் தடித்த கொங்கிரீட் கூடு உண்டு. ஆனாலும் 2011இல் ஜப்பானில் நடந்த புகுஷிமா அணு விபத்துக்குப் பிறகு பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே ஆண்டு கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. 2015இல் இந்தியாவும் இலங்கையும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்தன. ஆபத்து வந்தால் வடக்குக் கரைக்கு எப்படி அறிவிப்பார்கள் என்று அதைக் காட்டி நாங்கள் கேட்க வேண்டும்.

சாவகச்சேரி: கூரையில் சோலார் போட்டேன். 2025 சித்திரைப் புத்தாண்டுக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பிறகு எதற்கு இது?

உங்கள் கோபம் நியாயம். ஆனால் காரணத்தைக் கேளுங்கோ. நீர், நிலக்கரி நிலையங்களில் பெரிய சுழலிகள் சுற்றுகின்றன. எங்காவது கோளாறு வந்தால், அந்தச் சுழற்சியின் வேகம் சில நொடிகள் கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். கூரைச் சோலாருக்கு அந்தப் பலம் கிடையாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைவு, வெயில் நிறைய; அதனால் பெரிய சுழலிகள் குறைவாகத்தான் சுற்றின. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டியதில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. புத்தாண்டு விடுமுறையிலும் அதே நிலை வரும் என்றுதான் பயந்தார்கள்.

இதற்கு மருந்து பற்றரி. பகலில் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்து, எல்லா வீட்டிலும் விளக்கும் ரீவியும் ஓடும் இரவு 7 மணிக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் சோலாரை மட்டும் கூட்டினால், பொழுதுபட்டதும் டீசலைத்தான் எரிப்போம். அணுவா சூரியனா என்று சண்டை பிடிக்கும் நேரத்தில் பற்றரிக்குக் காசு எங்கே என்று கேட்டால் எவ்வளவோ நல்லது.

நெடுந்தீவு: எங்களுக்கும் வருமா?

உங்களுக்குத்தான் முதலில் வர வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் 1700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, 2400 கிலோவாட்-மணி பற்றரி என்று 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் இயந்திரம் கைகாவலுக்கு மட்டும்.

பளை: காற்றாலை வேண்டாம் என்று போராடும் மன்னார் ஆட்கள் சூழலுக்கு எதிரிகளா?

இல்லவே இல்லை. மன்னார்த் தீவில் 2020இல் திறந்த 103.5 மெகாவாட் நிலையத்தில் ஏற்கெனவே 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஒடுங்கிய தீவு அது. தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும் இடம். மழைவெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது என்று சனம் முறையிடுகிறது. சோளகக் காற்று மன்னாரில் மட்டும் அடிப்பதில்லை, பளையில் உங்களுக்கே தெரியும். ஊர்ச்சனத்தோடு முதலில் பேசி இடம் தேர்ந்திருந்தால் இந்தப் போராட்டத்துக்கே தேவை வந்திராது.

கொக்குவில்: இனிப் புதிதாகப் போடுவதென்றால்?

தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டரை, பற்றரி பிறகு பூட்டக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கோ. கூரையில் இடமிருந்தால் தகடு கொஞ்சத்தை மேற்குப் பார்த்துப் போடுங்கோ. பின்னேரத்தில் கூடக் கிடைக்கும்.