‘அவள் அப்படித்தான்’: புகழும் படமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நெடுநாள் வாசகன், எழுதுவது இதுதான் முதல் முறை. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ படத்தைச் சமீபத்தில் பார்த்தேன். தமிழின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தப் பெயர் இருக்கும். அந்த எதிர்பார்ப்போடுதான் உட்கார்ந்தேன். பாதிப் படத்திலேயே பொறுமை போய்விட்டது. நாயகி மஞ்சு எல்லோர் மேலும் எரிந்து விழுகிறாள். யாரும் யாரோடும் பேசுவதாகவே தெரியவில்லை, ஆளாளுக்குக் கருத்து சொல்கிறார்கள். கமலும் ரஜினியும் சேர்ந்து நடித்தது, கறுப்பு வெள்ளை, படம் சரியாகப் போகாதது, இயக்குநர் இரண்டே படங்களோடு நின்றுபோனது என எல்லாம் சேர்ந்து ஒரு சுமாரான படத்தைத் தூக்கிப் பிடிக்கின்றனவோ என்று சந்தேகம் வருகிறது. நண்பர்களிடம் சொன்னால் ‘உனக்குப் புரியல’ என்கிறார்கள். இயக்குநர் மகேந்திரனின் படங்களுக்குப் பக்கத்தில் இதை வைப்பீர்களா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

‘உனக்குப் புரியல’ என்று சொல்லி ஒருவர் வாயை அடைக்கலாம். அதை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயமானது.

முதலில் அந்த ஒளிவட்டம். 1978 அக்டோபரில் படம் வந்தபோது பெரிய வரவேற்பு இல்லை. அதே சமயத்தில் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ சக்கைபோடு போட்டது. ருத்ரய்யா 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’ எடுத்தார், அதோடு சரி. 2014இல் மறைந்தார். இடையில் எடுக்க முடியாமல்போன படங்களைப் பற்றிய ஏக்கமெல்லாம் எடுத்த இந்த ஒரு படத்தின் தலையில் வந்து குவிந்தது. தமிழில் தோற்ற கலைஞன்மேல் நமக்கு ஒரு தனிப் பரிவு உண்டு. உயிரோடு இருக்கும்போது அதை அவ்வளவாகக் காட்டமாட்டோம் என்பது வேறு விஷயம். ஆனால் படம் ஓடாதது அதன் தரத்துக்குச் சான்று ஆகாது. ஓடாத குப்பைகள் எத்தனையோ உண்டு.

வசனம் பற்றி நீங்கள் சொல்வதையும் ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறேன். ருத்ரய்யா, சோமசுந்தரேஸ்வர், வண்ணநிலவன் மூவரும் எழுதியிருக்கிறார்கள். வண்ணநிலவன் கதைகளைப் படித்தவர்களுக்கு அவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறவர் என்று தெரியும். படத்தில் அந்தச் சிக்கனம் சில இடங்களில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் அன்றைய சிறுபத்திரிகைக் கட்டுரைகளைப் பாத்திரங்கள் வாய்விட்டுப் படிக்கின்றன.

இதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு உண்டு. மஞ்சு ஏன் இப்படி இருக்கிறாள் என்பதற்குப் படம் காரணங்களை அடுக்குகிறது. அம்மாவின் கள்ளத்தொடர்பு, கைவிட்டுப்போன முதல் காதலன், அடுத்து ஏமாற்றிய மனோ. நோயாளியின் முந்தைய வரலாறு மாதிரி வரிசையாக வருகின்றன. ஒரு பெண் கோபமாக இருந்தால் அதற்கு அவள் வாழ்க்கையில் அடிபட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் படமும் தாண்டவில்லை. ஆண் கோபமாக இருந்தால் அவனுக்கு இத்தனை முன்கதை தேவைப்படுவதில்லை. ரஜினி நடித்த தியாகு ஏன் அப்படி இருக்கிறான் என்று படத்தில் யாராவது கேட்கிறார்களா?

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்தப் பட்டியல்களில் இந்தப் படம் இருப்பது சரிதான் என்றும் சொல்கிறேன். காரணம் மஞ்சு இல்லை. அருண்.

‘பெண்ணியப் படம்’ என்று முத்திரை குத்தியே இதைப் பாராட்டுகிறார்கள். அதனால் எல்லோரும் மஞ்சுவையே பார்க்கிறார்கள், நீங்களும் அவளைத்தான் பார்த்து அலுத்திருக்கிறீர்கள். அடுத்த முறை கமல் நடித்த அருணைக் கவனியுங்கள். பெண்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவன். பெண்களிடம் கேள்வி கேட்கிறான், பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறான், குரலை உயர்த்துவதில்லை. மஞ்சு தன் பழைய கதைகளைச் சொல்வதும் இவனிடம்தான். அவள் சொல்லும்போது அவன் முகத்தில் ஓர் அக்கறை தெரியும். நிஜமான அக்கறைதான், வேஷம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பதில் மரியாதையை அவன் எதிர்பார்க்கிறான். ‘மற்ற ஆண்களைப் போல நீ இல்லை’ என்ற சான்றிதழ் அவனுக்கு வேண்டும். அவள் தரமாட்டேன் என்கிறாள். போதாததற்கு, தியாகுவோடு குழைவது மாதிரி நடிக்கிறாள். தியாகுவுக்குப் பாடம் கற்பிக்கத்தான் அந்த நாடகம், கடைசியில் அவனுக்கு அறையும் விழுகிறது. ஆனால் அதற்குள் அருணுக்கு அருவருப்பு வந்துவிட்டது. பெண்களைப் புரிந்துகொள்ள மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், ஒரு பெண் தனக்குப் புரியாதபடி நடந்துகொண்டதும் ஒதுங்கிக்கொள்கிறான். பிறகு அப்பா பார்த்துவைத்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான்.

ரஜினியின் தியாகு பக்கத்திலேயே இருக்கிறான். நெற்றி நிறைய விபூதி, கையில் மது, பெண்களைப் பற்றி வாயைத் திறந்தால் வக்கிரம். அறை வாங்கியதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் துடைத்துப் போட்டுவிடுகிறான். மஞ்சுவுக்குத் தியாகுவிடம் குழப்பமே இல்லை. எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். அவள் தடுமாறுவது நல்லவனிடம்தான். பெண்ணுக்காகப் பேசும் ஆணை இவ்வளவு நிதானமாக, வில்லனாக்காமல், ஆனால் தப்பவும் விடாமல் காட்டிய தமிழ்ப் படம் 1978க்கு முன் எனக்கு நினைவில்லை. பின்னாலும் அதிகம் வந்துவிடவில்லை.

‘உறவுகள் தொடர்கதை’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கங்கை அமரன் எழுத, இளையராஜா இசையில் ஜேசுதாஸ் பாடியது. மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதல் பாட்டாக இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் அதைப் பாடுவது யார்? மனோ. மனோவாக வரும் சிவசந்திரன் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடுகிறார், எதிரில் மஞ்சு கரைந்துகொண்டிருக்கிறாள். இதே மனோதான் பிறகு அவளுடைய பெற்றோர் முன்னால் அவளைத் தங்கை என்று சொல்லித் தப்பிக்கிறான். அத்தனை கனிவையும் ஓர் ஏமாற்றுக்காரனின் வாயில் வைத்திருக்கிறார் ருத்ரய்யா. பாட்டு பொய் என்று எந்தச் சைகையும் இல்லை. கேட்கிற நாமும் மஞ்சுவோடு சேர்ந்தே ஏமாறுகிறோம். வசனத்தில் கட்டுரை படிக்கிற அதே படம்தான் இதையும் செய்திருக்கிறது.

மஞ்சுவாக நடித்த ஸ்ரீப்ரியாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படத்தைக் கொண்டாடுகிறவர்களும் அப்படித்தான், கமல், ரஜினி, ருத்ரய்யா, இளையராஜா என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் பெயருக்கு வருவார்கள். முந்தைய ஆண்டுதான் ‘ஆட்டுக்கார அலமேலு’வில் ஆட்டோடு ஓடி ஊரையே தியேட்டருக்கு இழுத்தவர். மஞ்சு எரிந்து விழுகிறாள் என்கிறீர்களே, அந்த எரிச்சலில் எத்தனை வகை இருக்கிறது என்று பாருங்கள். தியாகுவிடம் அலட்சியம். அருணிடம் சொல்லும்போது, சொல்லி முடித்த மறுநொடியே ஏன் சொன்னோம் என்று தன்மேலேயே வருகிற ஆத்திரம். வசனம் கனமாக இருக்கும் இடங்களில்கூட அந்தக் கண்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்.

கடைசிக் கார் காட்சி பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். மஞ்சு அருணின் புது மனைவியிடம் பெண் விடுதலை பற்றிக் கேட்கிறாள். அந்த மனைவியாக வரும் சரிதா தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். அதனால்தான் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்கிறாள் மஞ்சு. இதை மஞ்சுவின் வெற்றியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை, புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே குத்துகிற பேச்சு அது. மஞ்சு அங்கே அநியாயமாகத்தான் நடந்துகொள்கிறாள். அவளை அப்படியும் விட்டுவைத்ததில் படம் நேர்மையாக இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பின்னணிக் குரலை நான் இயக்குநராக இருந்தால் வெட்டியிருப்பேன். கார் போய்விட்டது, அவள் ரோட்டில் நிற்கிறாள். அதற்கு மேல் விளக்கவுரை எதற்கு?

மகேந்திரன் பற்றிய கேள்விக்கு. ‘முள்ளும் மலரும்’ இதே 1978இல் வந்தது. காளிக்கும் தங்கைக்கும் நடுவில் ஓடுவதைச் சொல்ல மகேந்திரனுக்கு வசனமே பெரும்பாலும் தேவைப்படவில்லை. முழுப் படமாக எடுத்துக்கொண்டால் அதுதான் மேலான ஆக்கம், எனக்கு இதில் தயக்கமில்லை. ஆனால் அருணைப் போல ஒருவனை மகேந்திரன் எழுதவில்லை. உங்கள் நண்பர்களிடம் அடுத்த முறை வாதம் வந்தால் மஞ்சுவை விட்டுவிட்டு அருணைப் பற்றிக் கேளுங்கள்.

அன்புடன்.