பல் பிடுங்க இதய மருத்துவரின் கடிதம் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 47. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போய், 6 வருடங்களுக்கு முன் உலோக வால்வு பொருத்தினார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இப்போது கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. பிடுங்க வேண்டும் என்ற பல் மருத்துவர், இதய மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார். பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? அதுதான் பென்சிலின் போடுகிறாரே, போதாதா?

பதில்: அந்தப் பல் மருத்துவரை விட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறார்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இரண்டு பாக்டீரியாக்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. இரண்டுமே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பம். கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டும் ஊதா மணிகளைக் கோத்த சரம் போலத்தான் தெரியும். கிருமி வளர்க்கும் கூழான அகரில் ரத்தம் கலந்து, அந்தத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் குணம் வெளுத்துவிடும். ஒன்று தன்னைச் சுற்றியுள்ள சிவப்பணுக்களை முழுதாக உடைத்து, கண்ணாடி போலத் தெளிந்த வளையம் விடும். தொண்டைப் புண்ணைக் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் அது. இன்னொன்றைச் சுற்றிப் பாசி படிந்தாற்போலப் பச்சை படரும். பச்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அதற்கு விரிடன்ஸ் என்று பெயர். உங்கள் வாயிலும் என் வாயிலும் அது குடியிருக்கிறது.

முதலாவது, உங்கள் அம்மா சிறுமியாக இருந்தபோது தொண்டைக்கு வந்தது. வால்வில் போய் அது உட்காரவில்லை. அதை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பாற்றல், ஆள் தெரியாமல் சொந்த வால்வையே தாக்கிவிட்டது. அந்தத் தொண்டைத் தொற்று திரும்ப வரக்கூடாது என்பதற்குத்தான் 3 வார ஊசி.

பல் மருத்துவர் பயப்படுவது இரண்டாவதற்கு. பல்லைப் பிடுங்கும்போது ஈறு கிழிந்து, வாயிலுள்ள கிருமிகள் ரத்தத்தில் இறங்கும். நல்ல இதயம் உள்ளவருக்கு அது சிறிது நேரத்தில் தானே சுத்தமாகிவிடும். செயற்கை வால்வு இருந்தால் கதை வேறு. பல்லில் ஊத்தையாக ஒட்டிக்கொள்ள இந்த வகையில் சில கிருமிகள் சர்க்கரையிலிருந்து ஒரு பசையைத் தயாரிக்கும். வால்வில் ஒட்டவும் அதே பசை கைகொடுக்கிறது. ஒட்டியதும் மேலே ரத்தத் தட்டணுக்களும், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற நாரும் படிந்து மூடிக்கொள்ளும். அந்தக் கட்டிக்குள் ரத்தக் குழாய் கிடையாது, வெள்ளையணுக்களால் சரியாக நுழைய முடியாது. எண்டோகார்டைட்டிஸ் என்பது இதுதான். செயற்கை வால்வில் வந்துவிட்டால் குறைந்தது 6 வாரம் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும். சிலருக்கு மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும்.

இதைத் தடுக்க, பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரே ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம். வழக்கமாகப் பெரியவர்களுக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம். ஆனால் வருடக்கணக்காகப் பென்சிலின் போட்டவர்களின் வாயில், அந்த மருந்துக்கு அசையாத விரிடன்ஸ் வளர்ந்திருக்கலாம். ஆகவே அம்மாவுக்கு வேறு வகை மருந்தைத் தேர்வு செய்வார்கள். பென்சிலின் ஊசி போடுவதைப் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதை நோயாளிகள் சொல்ல விட்டுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 3 வார ஊசியையும் வழக்கம்போலத் தொடருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை, இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து, பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்கிவிடலாம். பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் ரத்தக்கசிவை நிறுத்த வழியிருக்கிறது. உலோக வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. எந்த ஆன்டிபயாட்டிக், இந்த மாத்திரையை என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கடிதம்.

ஒரு பல்லைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. ஈறு வீங்கியிருந்தால், தினமும் சோறு மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் கிருமி ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கெல்லாம் மாத்திரை போட முடியுமா? அம்மா துப்பும் நுரை இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். இருந்தால், சொத்தைப் பல்லோடு ஈறுக்கும் சேர்த்து வைத்தியம் கேளுங்கள். மென்மையான பிரஷ், இரண்டு வேளை, 6 மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் சுத்தம் செய்வது. வால்வு மாத்திரையைப் போலவே இதுவும் அவருக்கு மருந்து.

இன்னொன்று. பல் பிடுங்கிய பிறகு வரும் வாரங்களில் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், உடல் அசதி, பசியின்மை, எடை குறைவு என்று ஏதாவது தெரிந்தால், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை உள்ளே போனாலே, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்து என்று இருட்டில் தேட வேண்டியதுதான். நேராக இதய மருத்துவரிடம் அழைத்துப் போய், “உலோக வால்வு இருக்கிறது, பல் பிடுங்கினோம், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் கல்ச்சர் எடுங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள்.