வேப்பெண்ணெய்க்குப் பிறகு வந்த அந்தத் தூக்கம்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றரை வயது மகனுக்குப் பூச்சிக்கென்று அப்பம்மா ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் பருக்கினார், பிள்ளை மூன்று தரம் சத்தியெடுத்துவிட்டுப் பொழுதுபடும்வரை தூங்கினான், "பூச்சி செத்ததால்தான் அப்படியா, டொக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தாயே. எண்ணெயின் நஞ்சு அவனைத் தாக்கியதால் வந்தது அது.

மறுநாள் வழமைபோல் சாப்பிட்டு விளையாடினான் என்கிறீர்கள், ஆறுதல். ஆனாலும் இதைப் படித்ததும் மாங்குளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொல்லுங்கள். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று அங்கே பார்ப்பார்கள். அந்தப் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். கத்தரிக்கு அடிக்க உங்கள் கணவர் வாங்கிவந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்; பயிருக்கு விற்கும் எண்ணெயில், தண்ணீரோடு கலப்பதற்காக வேறு பொருள்களும் சேர்த்திருப்பார்கள்.

வேப்பங்கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பில் பாதிக்குக் கிட்ட எண்ணெய்தான். அதில் பெரும்பகுதி ஒலெயிக், ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள். சமையல் எண்ணெய்களிலும் இருப்பவை. கூடவே அசாடிராக்டின், நிம்பின், சலானின் போன்ற கசப்புப் பொருள்களும், மூக்கைத் துளைக்கும் அந்த மணத்தைத் தரும் கந்தகச் சேர்மங்களும் உண்டு. அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவும் விடாது. அதனால் தோட்டத்துக்கு அருமையான மருந்து. அதையே பச்சைப்பிள்ளையின் வாயில் ஊற்ற அது ஒரு காரணமே இல்லை.

1980களின் தொடக்கத்தில் மலேசியாவில், இப்படி வேப்பெண்ணெய் பருக்கிய கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். முதலில் சத்தி, பிறகு சோர்வும் தூக்கமும், வேகமான மூச்சு, அதன்பின் வலிப்பு. ஈரலில் கொழுப்பு படிந்து, இரத்தத்தில் அமிலம் ஏறி, மூளை வீங்கிச் சில குழந்தைகள் இறந்தும் போயின. ஒரு தேக்கரண்டி அளவே சின்னப் பிள்ளைக்கு நஞ்சாகப் போதும்.

ஆகவே இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாரும் மனதில் வையுங்கள். எண்ணெய் உள்ளே போன பிள்ளை சத்தியெடுத்து, அப்புறம் தூங்கி வழிந்தால், தட்டி எழுப்பியும் சரியாக முழிக்காவிட்டால், மூச்சு வேகமானால், ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள். தொண்டையில் விரலைவிட்டுச் சத்தியெடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கினால் நுரையீரலும் கெட்டுவிடும். பாலோ மோரோ பருக்கவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டு வாருங்கள்.

பூச்சியின் அடையாளமோ என்று நீங்கள் கேட்டிருக்கும் மற்றவை பயப்படும் விஷயங்களே இல்லை. நித்திரையில் பல் நறநறப்பது பூச்சியால் அல்ல. கன்னத்து வெள்ளைத் திட்டும் பூச்சிக்கு அடையாளமல்ல. வெயிலில் அதிகமாகத் தெரியும், தானாகவே மங்கிவிடும். இந்த வயதில் வயிறு கொஞ்சம் முன்தள்ளித்தான் இருக்கும். இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுதால் மட்டும் கீரிப்பூச்சியை நினைக்கலாம். அதற்கும் அவன் வயதுக்குரிய பூச்சி மருந்தைக் கிளினிக்கில் கேட்டால் காசில்லாமலே தருவார்கள். யூடியூப்பில் பூச்சிக்கு "ஏழு அறிகுறிகள்" சொல்லும் ஆளுக்கு உங்கள் பிள்ளையின் நிறையும் தெரியாது, வயதும் தெரியாது. அதை நம்பி இன்னொரு கரண்டி ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

மாமியோடு சண்டை வேண்டாம். அவர் பேரனில் உள்ள அக்கறையில்தான் செய்தார். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேப்பிலையை அரைத்துச் சொறிக்குப் பூசுவதை நான் தடுக்கவில்லை. எண்ணெய்ப் போத்தல் மட்டும் குசினியில் இருக்கக்கூடாது. தோட்டத்து மருந்துகளோடு சேர்த்து, பூட்டுள்ள பெட்டியில் வைத்துவிடுங்கள்.