என் ஜோடி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 42 வயது. இதை ஒரு பிரச்சினை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு சீட்டாட்டத்தால் 20 வருடத் தோழியை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

நாங்கள் நான்கு பெண்கள், கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அங்கே பழகிய ஆட்டம் ‘இருபத்தெட்டு’. படிப்பு முடிந்தபின் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று பல வருடம் விட்டுப்போனது. மூன்று வருடமாகத்தான் மறுபடி ஞாயிறு மாலைகளில் கூடுகிறோம். காசு வைத்து ஆடுவதில்லை. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. முதல் நாளிலிருந்தே அவள்தான் என் ஜோடி.

நீங்கள் ஆடியிருக்கிறீர்களோ இல்லையோ, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7 முதல் ஆஸ் வரை 32 சீட்டு. ஜாக்கிதான் பெரியது, அதற்கு 3 புள்ளி. அடுத்தது 9, அதற்கு 2. ஆஸுக்கும் 10-க்கும் ஒவ்வொரு புள்ளி. மற்றவைக்கு ஒன்றும் இல்லை. ஆக மொத்தம் 28. முதல் நான்கு சீட்டைப் பார்த்து, ‘எங்கள் அணி இத்தனை புள்ளி எடுக்கும்’ என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தின் சீட்டு ஒன்றை, கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று ஜோடிக்குக்கூடத் தெரியாது. அப்புறம் இன்னும் நான்கு சீட்டு வரும். சுற்றுக்கு ஆளுக்கொரு சீட்டு, பிடிக்கிற அணிக்கு அதில் விழுந்த புள்ளி எல்லாம். இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம், அதாவது துருப்பு இனச் சீட்டைப் போட்டுச் சுற்றைப் பிடிக்கலாம்.

அன்று எதிரணி 15 வரை கேட்டது. நான் ஒரேயடியாக 18 என்றேன். துருப்பு ஸ்பேட். இரண்டாவது சுற்றில் எதிரணியில் ஒருத்தி டைமண்ட் ஆஸை இறக்கினாள். அடுத்து என் ஜோடி. அவளிடம் டைமண்ட் இல்லை. சும்மா ஒரு சீட்டைத் தள்ளியிருக்கலாம். ‘துருப்பைத் திற’ என்று சொல்லிவிட்டு ஸ்பேட் 8-ஆல் வெட்டினாள். டைமண்ட் ஜாக்கி என் கையில் இருந்தது! அவள் பேசாமல் இருந்திருந்தால் நானே அந்தச் சுற்றைப் பிடித்திருப்பேன், துருப்பும் மூடியே இருந்திருக்கும். நான்தான் கடைசியாக இறக்க வேண்டும். ஜாக்கியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு டைமண்ட் 7-ஐப் போட்டேன். இரண்டு சுற்று கழித்து ஜாக்கியை இறக்கியபோது எதிரணி வெட்டிவிட்டது. கடைசியில் எண்ணினால் 16. கேட்டது 18.

“உனக்கு எத்தனை வருஷம்டி சொல்லிக் கொடுக்கிறது? கொஞ்சமாவது மூளையை உபயோகிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்” என்றேன். இது முதல் தடவை இல்லை. ஆனால் அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போட்டிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. மற்ற இருவரும், “நீ அவளைப் பேசுறதைக் கேட்க எங்களுக்கே கஷ்டமா இருக்கு” என்கிறார்கள்.

நான் கோபக்காரி இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் குரலை உயர்த்தியதே கிடையாது. உண்மையைச் சொன்னால் அங்கெல்லாம் என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்வதும் இல்லை. அந்த மேசையில் மட்டும்தான் என் கணக்கு எடுபடும். ஜோடி ஒழுங்காக ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா? அவளை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புத் தோழிக்கு,

கூச்சப்பட வேண்டாம். 20 வருட நட்பு முறிகிற இடத்தில் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் சீட்டாக இருந்தால் என்ன, சொத்தாக இருந்தால் என்ன? வலி ஒன்றுதான்.

எனக்கு இந்த ஆட்டம் நன்றாகவே தெரியும். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும், நீங்கள் விவரித்த அந்த ஆட்டத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உங்கள் நாற்காலியில் இருந்து பார்க்கவில்லை, எதிர் நாற்காலியில் இருந்து பார்த்தேன்.

அவர் கையில் ஏழு சீட்டு, அதில் டைமண்ட் ஒன்றுகூட இல்லை. மேசையில் எதிரணியின் டைமண்ட் ஆஸ். ஆஸை வெல்லக்கூடியவை ஜாக்கியும் 9-உம். அவை இருக்கக்கூடிய கைகள் மூன்று. அதில் ஒன்றுதான் உங்களுடையது, மற்ற இரண்டும் எதிரணி. அவருக்கு அடுத்து இறக்கப்போவதும் எதிரணிக்காரர். அவரிடம் ஜாக்கி இருந்தால் அந்தச் சுற்றில் குறைந்தது 4 புள்ளி எதிரணிக்குப் போய்விடும். நீங்கள் 18 கேட்டிருக்கிறீர்கள், அதாவது எதிரணிக்கு 10 புள்ளிக்கு மேல் விடக்கூடாது. துருப்பு எந்த இனம் என்றும் அவருக்குத் தெரியாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அவர் திறக்கச் சொன்னார், வெட்டினார், சுற்றையும் பிடித்துக் கொடுத்தார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் திறக்கத்தான் சொல்லியிருப்பேன்.

‘டைமண்ட் ஜாக்கி என் கையில் இருந்தது’ என்று எழுதி ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டைப் பார்க்க முடிந்தது உங்களுக்கு மட்டும்தானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குத்திக்காட்டச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வெட்டிவிட்டார், எதிரணியின் இரண்டாவது ஆளும் இறக்கியாகிவிட்டது, கடைசிச் சீட்டு உங்களுடையது. அதாவது அந்தச் சுற்று உங்கள் அணிக்குத்தான் என்று உறுதியான பிறகு நீங்கள் டைமண்ட் 7-ஐப் போட்டீர்கள். அங்கேயே ஜாக்கியைப் போட்டிருந்தால் அந்த 3 புள்ளி பத்திரமாக உங்கள் பக்கம் வந்திருக்கும். மற்றச் சுற்றுகள் நடந்தபடியே நடந்திருந்தால் 16-உம் 3-உம் 19.

உடனே உங்கள் மனம் ஒரு பதில் சொல்லும்: ‘ஜாக்கியை வைத்து இன்னொரு சுற்றைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன், இன்னொருத்தியிடம் டைமண்ட் தீர்ந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?’ நியாயமான பதில். உங்கள் 18-க்கும் அதே நியாயம் உண்டு. 16 கேட்டிருந்தாலே எதிரணியைத் தாண்டியிருப்பீர்கள், எடுத்த 16 போதுமானதாகவும் இருந்திருக்கும். ஆனால் நான்கு சீட்டைப் பார்த்துக் கேட்கிறவருக்கு முடிவு எப்படித் தெரியும்? நான் கேட்பதெல்லாம், உங்களுக்குத் தானாகக் கிடைக்கிற இந்தச் சலுகை எதிரில் இருந்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான்.

இது உங்களிடம் மட்டும் உள்ள குறை இல்லை. மனித மனமே அப்படித்தான் வேலை செய்கிறது. 1988-ல் ஜோனதன் பாரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்ய முடிவெடுக்கிறார். அவருக்குத் தெரிந்த விவரங்கள் ஒன்றேதான், எடுத்த முடிவும் ஒன்றேதான். நோயாளி பிழைத்தார் என்று படித்தவர்கள் அது நல்ல முடிவு என்றார்கள், இறந்தார் என்று படித்தவர்கள் அதே முடிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அன்று நீங்கள் 18 எடுத்திருந்தால், ‘துருப்பைத் திற’ என்று அவர் சொன்னது உங்களுக்கு இப்போது ஞாபகமாவது இருந்திருக்குமா?

‘எனக்கு அப்போதே தெரியும்’ என்கிற எண்ணமும் இதே மாதிரிதான். பாரூக் பிஷாஃப், ரூத் பெய்த் இருவரும் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க அதிபர் நிக்சனின் 1972 சீன, ரஷ்யப் பயணங்களுக்கு முன்பு, என்னென்ன நடக்க வாய்ப்பு உண்டு என்று மாணவர்களிடம் கேட்டார்கள். பயணங்கள் முடிந்தபின், ‘முன்பு என்ன சொன்னீர்கள்?’ என்று கேட்டார்கள். நடந்துவிட்டதாக அவர்கள் நம்பிய விஷயங்களுக்கு, முன்பு கொடுத்ததைவிட அதிக வாய்ப்பு கொடுத்ததாகவே பலருக்கு நினைவு இருந்தது. முடிவு தெரிந்ததும் மனம் பழைய நினைவையே திருத்தி எழுதிவிடுகிறது. ஆட்டம் முடிந்து 32 சீட்டும் மேசையில் திறந்து கிடக்கும்போது எல்லாமே பளிச்சென்று தெரியும். ஆடும்போது ஒவ்வொருவரும் பார்ப்பது தன் எட்டை மட்டும்தான்.

ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் இது கூடுதலாகக் கடிக்கும். தனியாக ஆடித் தோற்றால் பழி போட ஆள் இல்லை. இங்கே எதிரிலேயே ஒருவர் இருக்கிறார். தவிர, ஆட்டம் நடக்கும்போது ஜோடியோடு பேசக்கூடாது என்பதே விதி. எட்டுச் சுற்றும் அடக்கி வைத்தது ஒன்பதாவது நிமிடத்தில் வெடிக்கிறது. இதை உலகம் முழுக்க உணர்ந்திருக்கிறார்கள். பிரிட்ஜ் என்ற, ஜோடியாக ஆடும் இன்னொரு சீட்டாட்டத்தின் சர்வதேச விதிகளில் 74-ஆவது விதி, மற்றவருக்கு எரிச்சலோ சங்கடமோ தரக்கூடிய, ஆட்டத்தின் மகிழ்ச்சியைக் கெடுக்கக்கூடிய பேச்சையும் செயலையும் கவனமாகத் தவிர்க்க வேண்டும் என்கிறது. நாகரிகம் என்று விட்டுவிடாமல் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெரிய பிரிட்ஜ் போட்டிகளில் மேசையின் குறுக்கே ஒரு திரை இருக்கும், ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ரகசியக் குறிப்புகளைத் தடுக்கத்தான் அது வந்தது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் திரை ஞாபகம் வந்தது. மூன்று வருடமாக உங்கள் தோழி சீட்டைப் பார்த்து ஆடினாரா, உங்கள் முகத்தைப் பார்த்து ஆடினாரா? திட்டு விழுமோ என்று பயப்படுகிற மனத்துக்கு, எந்த ஜாக்கி போயிற்று, எந்த 9 மிச்சம் என்று கணக்கு வைக்க இடம் இருக்காது. கவலையே பாதி மூளையை எடுத்துக்கொள்ளும். அவர் சில சமயம் உண்மையிலேயே தவறாக ஆடியிருக்கலாம். அதில் உங்கள் குரலுக்கும் பங்கு உண்டு.

சரி, ஏன் அந்த மேசையில் மட்டும் இவ்வளவு கோபம்? அதற்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த மேசையில் மட்டும்தான் உங்கள் கணக்கு எடுபடும் என்ற வரியில் நான் நீண்ட நேரம் நின்றேன். வாரம் முழுக்க யாரும் காது கொடுக்காத ஒருவருக்கு, ஞாயிறு மாலை கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம் வெறும் விளையாட்டு இல்லை. அங்கேயும் கணக்கு தப்பினால் மிச்சம் என்ன என்கிற பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தை உங்கள் தோழி சுமந்திருக்கிறார், அது யாருடையது என்று தெரியாமலே. வீட்டிலும் அலுவலகத்திலும் நீங்கள் சொல்லாமல் விழுங்குவது என்னென்ன என்று தனியாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதில் ஒன்றையாவது, சிறியதாக இருந்தாலும், உரிய இடத்தில் உரியவரிடம் இந்த மாதமே சொல்லுங்கள். எனக்கு இது ஆட்டத்தைவிட முக்கியமாகப் படுகிறது.

ஜோடி ஒழுங்காக ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறில்லை. ‘மூளையை உபயோகிச்சிருந்தா’ என்பது எதிர்பார்ப்பு இல்லை, அவமானம். அதுவும் மற்ற இருவர் முன்னால். ஆட்டத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் மறுநாள் பேசுங்கள், கேள்வியாகப் பேசுங்கள்: “அந்த நேரத்தில் உனக்கு என்ன தோன்றியது?” பாதித் தடவை அவர் பதிலில் உங்களுக்குத் தெரியாத ஒரு சீட்டு இருக்கும். ஜோடியையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக ஒரே ஆள் எதிரில் உட்கார வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் எதிரணியில் நிதானமாக ஆடுவதைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கலாம்.

இப்போது அவரைக் கூப்பிடுவது பற்றி. மற்ற இருவரையும் தூது அனுப்ப வேண்டாம். போனை எடுக்காதவருக்குத் திரும்பத் திரும்ப அடிக்கவும் வேண்டாம். கையால் நாலு வரி எழுதிக் கொடுங்கள், அல்லது நேரில் போய் நில்லுங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை வா’ என்று தொடங்காதீர்கள், உங்களுக்கு நாலாவது ஆள்தான் தேவை என்று தோன்றிவிடும். ‘நீ கோபப்படும்படி பேசியிருந்தால் மன்னித்துக்கொள்’ என்றும் வேண்டாம், ‘இருந்தால்’ என்ற சொல் மன்னிப்பைப் பாதியாக்கிவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: “எல்லார் முன்னாலும் உன்னை மூளை இல்லாதவள் என்றேன். அது தப்பு. நீ திறக்கச் சொன்னது சரிதான். நான்தான் ஜாக்கியைப் போடாமல் 7-ஐப் போட்டேன்.”

அந்த 7-ஐக் கட்டாயம் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரை, மூன்று வருடத்தில் அவர் உங்கள் வாயிலிருந்து கேட்கும் முதல் தவறு அதுவாக இருக்கும்.

அவர் உடனே சிரித்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். இனி ஆட வரவில்லை என்று சொன்னால் அதற்கும் சரி சொல்லுங்கள், வற்புறுத்தாதீர்கள். அடுத்த வாரம் சீட்டு இல்லாமல் அவரைப் பார்க்கப் போங்கள், அதற்கு அடுத்த வாரமும் போங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்